கறுப்பு மெஷினே போதும்: நேர்த் தையலிலிருந்து அப்ளிக் வேலை வரை

தையல் பழக வருபவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, "ஜிக்ஜாக் மெஷின் வாங்கட்டுமா, எம்ப்ராய்டரி மெஷின் வாங்கட்டுமா?" என்பதுதான். வீட்டில் அத்தையோ பாட்டியோ ஓட்டிய கறுப்பு கால் மெஷின் ஒன்று மூலையில் கிடந்தால், அதைத் துடைத்து எண்ணெய் விட்டு ஓட்டுங்கள் என்பேன். அது நேர்த் தையல் ஒன்றைத்தான் போடும். ஆனால் பின்டக் (மெல்லிய மடிப்பு வரிகள்), பைப்பிங் (ஓரத்தில் கயிறு வைத்த பட்டி), அப்ளிக் (துணி மேல் துணி வெட்டி வைத்துத் தைப்பது), பாபின் எம்ப்ராய்டரி (அடி நூலால் போடும் பூவேலை) என்று நாம் வாய்பிளந்து பார்க்கும் அலங்காரங்களில் பெரும்பாதி அந்த நேர்த் தையலால் ஆனவைதான். கோடு கோணாமல் ஓட்ட வந்துவிட்டால் மீதி தானே வரும். கோடு கோணுகிறவருக்கு நூறு டிசைன் உள்ள மெஷின் வாங்கிக் கொடுத்தாலும் நூறு டிசைனும் கோணலாகத்தான் விழும்.

இந்தக் கட்டுரையில் மெஷினைப் புரிந்துகொள்வதில் தொடங்கி, ஒரு பாக்கெட் வைத்த துணிப்பை, அடுத்து அப்ளிக் செய்த ஒரு குஷன் உறை என்று இரண்டு பொருட்கள் வரை போகலாம். அளவுகளைப் பெரும்பாலும் இன்ச்சில்தான் சொல்கிறேன்; தையல் நீளம் போன்ற சின்ன அளவுகள் மில்லிமீட்டரில். தையல்காரர்கள் கையில் இருக்கும் டேப் அதைத்தான் பேசும்.

மெஷினுக்குள் நடப்பது என்ன?

கை ஊசிக்குக் கண் பின்புறம் இருக்கும். மெஷின் ஊசிக்குக் கண் கூர்முனைக்குப் பக்கத்திலேயே இருக்கும். 1846-ல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிய தையல் எந்திரத்தின் உயிர்நாடி இதுதான். ஊசி துணிக்குள் முழுவதுமாகப் போய்வர வேண்டியதில்லை. முனை மட்டும் கீழே இறங்கி ஒரு நூல் வளையத்தை விட்டுவிட்டு மேலேறும். அடியில் சுழலும் ஷட்டில் என்ற கொக்கி அந்த வளையத்தைக் கவ்வி, பாபின் (அடி நூல் சுற்றிய குட்டி உருளை) நூலைச் சுற்றிக் கொண்டுபோய் விடும். மேலே இருக்கும் டேக்-அப் லீவர் மிச்ச நூலைச் சுண்டி இழுக்க, இரண்டு நூலும் துணியின் நடுவே பின்னிக்கொள்ளும்.

"நடுவே" என்பதுதான் முக்கியம். சரியான தையலில் மேல் நூல் மேலேயும், கீழ் நூல் கீழேயும் மட்டுமே தெரியும். முடிச்சு துணிக்குள் ஒளிந்திருக்கும். தையல் வகுப்பில் வரும் புகார்களில் பாதி இந்த முடிச்சு இடம் மாறிப்போவதால் வருபவை.

ஊசி, நூல், பாபின்

ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் இருக்கும். உருண்டைப் பக்கத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் கண் வரைக்கும் ஒரு நீளக் குழி தட்டுப்படும். நூல் அந்தக் குழியில் படுத்தபடிதான் கீழே இறங்கும். எனவே நீளக் குழி உள்ள பக்கத்திலிருந்து கோர்த்து, தட்டைப் பக்கமாக வெளியே எடுக்க வேண்டும். ஊசியைத் திருப்பிப் போட்டுவிட்டால் ஷட்டிலுக்கு வளையம் சிக்காது. துணி நகரும், தையல் விழாது. ஊசியைக் கடைசிவரை மேலே தள்ளி, திருகை இறுக்குங்கள். பாதியில் நின்றாலும் இதே கதைதான்.

எண்களைப் பொறுத்தவரை மெல்லிய மல், வாயில் (voile) துணிக்கு 11, பாப்ளின், கேம்பிரிக், சாதாரணக் காட்டனுக்கு 14, காடாத் துணிக்கும் கேன்வாஸுக்கும் 16, ஜீன்ஸுக்கு 18. உறையில் 90/14 என்று போட்டிருந்தால், 90 என்பது ஊசியின் தடிமன் 0.9 மில்லிமீட்டர் என்று பொருள். புதிதாகப் பழகுபவர் 14-ம் எண் ஊசி ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. துணியில் குத்தும்போது "டப் டப்" என்று சத்தம் வந்தாலோ, இழை சுண்டி இழுத்தாலோ ஊசி மழுங்கிவிட்டது. கஞ்சத்தனம் பார்க்காமல் மாற்றுங்கள்.

நூலை ஒளியில் பிடித்துப் பாருங்கள். பஞ்சு பஞ்சாகப் பிசிறு தெரிந்தால் அது மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளிலும் ஷட்டிலிலும் தூசியாகச் சேரும். மேலுக்கும் கீழுக்கும் ஒரே தரத்து நூல் போடுங்கள்.

பாபினில் நூல் சுற்றும்போது சக்கரத்தின் நடுவில் உள்ள திருகைத் தளர்த்திவிட்டால் ஊசி ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றும். விரலால் நூலை லேசாக அழுத்திப் பிடித்து, சமமாகச் சுற்ற விடுங்கள். ஒருபக்கம் குவிந்த பாபின், தைக்கும்போது ஒரு நேரம் இழுக்கும், ஒரு நேரம் தளரும். முழுக்க வழிய வழியச் சுற்றாதீர்கள். பாபின் உட்காரும் உலோகக் கூடான பாபின் கேஸுக்குள் உரசும். சுற்றி முடித்ததும் அந்தத் திருகை மறுபடி இறுக்க மறக்க வேண்டாம்.

பாபினைக் கேஸுக்குள் போட்டு, நூலைப் பிளவு வழியாக இழுத்து, தகட்டு வில்லின் அடியிலிருந்து வெளியே எடுங்கள். இப்போது நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கினால் தளர்வு. கையைச் சுண்டியும் அசையாமல் நின்றால் இறுக்கம். ஒரு சுண்டுக்கு ஓர் இன்ச், இரண்டு இன்ச் இறங்கி நின்றால் சரி. கேஸின் மேலுள்ள குட்டித் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். அதைக் கழற்றும் அவசியம் வந்தால் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துச் செய்யுங்கள். எறும்பு அளவுத் திருகு அது, தரையில் விழுந்தால் கிடைக்காது.

மேல் நூல் கோர்க்கும்போது ஒரே ஒரு விதி: துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு கோருங்கள். ஃபுட் மேலே இருக்கும்போதுதான் டென்ஷன் தட்டுகள் விலகியிருக்கும், நூல் உள்ளே போய் உட்காரும். ஃபுட்டை இறக்கிவிட்டுக் கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு வெளியே நின்றுவிடும். துணிக்கு அடியில் குருவிக்கூடு கட்டியதுபோல் நூல் சிக்கிக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உடனே பாபினைக் குறை சொல்லிக் கழற்றுவார்கள். தவறு மேலே இருக்கும்.

காலுக்கு முதலில் பழக்கம்

நூல் இல்லாமல், ஊசி இல்லாமல், ஃபுட்டைத் தூக்கிவிட்டு வெறும் பெடலை மிதியுங்கள். ஒரு கால் சற்று முன்னே, ஒரு கால் சற்றுப் பின்னே. சக்கரத்தைக் கையால் உங்களை நோக்கித் தட்டிவிட்டு, அந்த ஓட்டத்தோடு கால் சேர வேண்டும். சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கி அறுந்துவிடும். புதிதாகப் பழகும் எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் போகும். நினைத்த இடத்தில் நிறுத்தவும், மெல்ல ஓட்டவும் வந்த பிறகே ஊசியைப் போடுங்கள். மோட்டார் வைத்த மெஷின் என்றால் காலின் அழுத்தத்துக்கு ஏற்ப வேகம் கூடும். அங்கே பழக வேண்டியது மெதுவாக ஓட்டுவதைத்தான்.

அடுத்து, கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றை எடுத்து, நூலில்லாமல் பழைய ஊசியால் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் துளைகள் எங்கே கோட்டை விட்டு விலகின என்று பளிச்சென்று தெரியும். நேர்க்கோடு, சதுரம், கடைசியாக நத்தைச் சுருள். மூலை வரும்போது ஊசியைத் தாளுக்குள் இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, தாளைத் திருப்பி, ஃபுட்டை இறக்குங்கள். தாளில் ஓட்டிய ஊசி மழுங்கியிருக்கும், அதைத் துணிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

துணிக்கு வந்ததும் கண் ஊசியைப் பார்க்கக் கூடாது. ஊசி ஆடும், கண்ணும் ஆடும். ஊசித் தகட்டில் ஊசியிலிருந்து அரை இன்ச் தள்ளி ஒரு துண்டு டேப் ஒட்டி, துணியின் ஓரம் அந்த டேப்பை ஒட்டிப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். கை துணிக்கு வழிகாட்ட மட்டும்தான். துணியை நகர்த்துவது அடியிலுள்ள பல்லின் வேலை. அவசரப்பட்டுப் பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் அடித்து உடையும். தொடங்கும்போது இரண்டு நூலையும் நாலு இன்ச் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். முடிக்கும்போது டேக்-அப் லீவர் உச்சியில் நிற்கும்படி நிறுத்துங்கள். துப்பட்டா, புடவை முந்தானை, பின்னல் ஆகியவை சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் போகாமல் செருகிக்கொள்ளுங்கள்.

டென்ஷன்: இரு வண்ணச் சோதனை

வெள்ளைக் காட்டன் துண்டு ஒன்றை இரண்டாக மடியுங்கள். மேலே சிவப்பு நூல், பாபினில் நீல நூல். தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர், அதாவது இன்ச்சுக்குப் பத்து தையல். ஒரு ஜாண் நீளத்துக்கு ஓட்டிவிட்டு எடுத்துப் பாருங்கள்.

மேல் பக்கம் சிவப்புக் கோட்டில் ஒவ்வொரு துளையிலும் நீலப் புள்ளி எட்டிப் பார்த்தால், மேல் நூல் இறுக்கமாக இருந்து கீழ் நூலை மேலே இழுக்கிறது. அடிப்பக்கம் சிவப்பு நூல் கண்ணி கண்ணியாகத் தெரிந்தால் மேல் நூல் தளர்வு. கண்ணிகள் பெரிதாகத் தொங்கினால் நூல் தட்டுக்குள்ளேயே போகவில்லை, மறுபடி கோருங்கள். அடியில் நீல நூல் நீட்டிய கம்பிபோல் நேராகக் கிடந்து விரலால் இழுத்தால் உருவி வந்தால், அதுவும் மேல் நூல் தளர்வே.

டென்ஷன் திருகை வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் தளரும். கொஞ்சம் திருப்பி, ஒரு வரி ஓட்டி, பக்கத்தில் பென்சிலால் எண் போடுங்கள். மறுபடி கொஞ்சம் திருப்பி, அடுத்த வரி. ஆறேழு வரியில் நீலம் மேலே இருந்து மறைவதையும், சிவப்பு கீழே முளைப்பதையும் ஒரே துணியில் பார்க்கலாம். இந்தத் துணியை எறிந்துவிடாதீர்கள், சாம்பிள் ஃபைலில் ஒட்டுங்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர், ஹையர் எழுதுபவர்களும், ஐடிஐ-யில் தையல் தொழில்நுட்பம் படிப்பவர்களும் எப்படியும் சாம்பிள்கள் செய்து சேர்க்க வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலில் இது இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இதுதான் முதல் பக்கம்.

முதலில் மேல் டென்ஷனையே சரிசெய்யுங்கள். பாபின் கேஸ் திருகைத் தொடுவது கடைசி வழி.

துணியை வெட்டும் முன்

காடாத் துணியும் கைத்தறிக் காட்டனும் முதல் தண்ணீரில் சுருங்கும். இரவு முழுக்க ஊறவைத்து, பிழியாமல் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள். இரண்டு நிறத் துணிகளைச் சேர்த்துத் தைப்பதாக இருந்தால் சாயச் சோதனை கட்டாயம். சிவப்பு, கருநீலம், சுங்குடித் துண்டு எதுவானாலும் நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் கறை இறங்கினால் அது குஷனில் வெள்ளைக்குப் பக்கத்தில் போக லாயக்கில்லை.

கரைக்கு இணையாக ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடு. பாவு நீளாது. ஊடு கொஞ்சம் நீளும். மூலைக்கு மூலை கிராஸாக இழுத்தால் நன்றாகவே நீளும். பையின் உடலையும் கைப்பிடியையும் பாவுக்கு நேராக வெட்டுவதும், பைப்பிங் பட்டியைக் கிராஸில் வெட்டுவதும் இதனால்தான். கைப்பிடியைக் கிராஸில் வெட்டிவிட்டால் இரண்டு கிலோ வெங்காயம் வாங்கியதும் பை முழங்காலுக்கு வந்துவிடும்.

முதல் பொருள்: பாக்கெட் வைத்த துணிப்பை

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் அரசே "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. ஆகவே தைத்த பை வீட்டில் சும்மா கிடக்காது. பழகுபவருக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை: எல்லாமே நேர்க்கோடு, ஆனால் மடிப்பு, மூலை, தடித்த இடம் எல்லாம் இதில் வந்துவிடும்.

36 இன்ச் அகலக் காடாத் துணி 1 மீட்டர் போதும். உடலுக்கு 15 x 34 இன்ச் ஒரு துண்டு. கைப்பிடிக்கு 4 x 22 இன்ச் இரண்டு துண்டு. பாக்கெட்டுக்கு 10 x 9 இன்ச் ஒரு துண்டு. முடிந்த பாக்கெட் 7 இன்ச் சதுரம்தான், மிச்ச அகலம் பின்டக்குக்குப் போகும். ஊசி 16, தையல் நீளம் 3 மில்லிமீட்டர். ஆனால் பின்டக் போடும்போது மட்டும் 2.5-க்குக் குறையுங்கள்.

1. பாக்கெட் துணியின் அகலவாக்கில், நடுவிலிருந்து தொடங்கி ஓர் இன்ச் இடைவெளியில் ஐந்து செங்குத்துக் கோடுகள் போடுங்கள். முதல் கோட்டில் துணியை மடித்து நகத்தால் கீறி, இஸ்திரி போடுங்கள். மடிப்பிலிருந்து அரைக்கால் (⅛) இன்ச் தள்ளி முழு நீளத்துக்கும் ஒரு தையல். இப்படி ஐந்து. ஒவ்வொரு பின்டக்கும் கால் இன்ச் துணியைத் தின்னும். ஐந்துக்கு ஒன்றேகால் போக 8¾ மிஞ்சும். எல்லா மடிப்பையும் ஒரே பக்கம் சாய்த்து இஸ்திரி போட்டுவிட்டு, பின்டக்குகள் நடுவில் வரும்படி அகலத்தை 8 இன்ச்சுக்கு வெட்டுங்கள். முதலில் பின்டக், பிறகு அளவு. இந்த வரிசை மாறினால் பாக்கெட் குறுகிப்போகும். சட்டையின் முன்பக்கம், குர்தியின் யோக் எதில் பின்டக் வைத்தாலும் இதே வரிசைதான்.

2. பாக்கெட்டின் மேல் ஓரத்தை அரை இன்ச் மடித்து, மறுபடி ஓர் இன்ச் மடித்துத் தையுங்கள். மற்ற மூன்று ஓரங்களையும் அரை இன்ச் உள்ளே மடித்து இஸ்திரி போடுங்கள்.

3. உடல் துணியை விரித்து வையுங்கள். மேல் ஓரத்திலிருந்து 5 இன்ச் கீழே, இரு பக்கத்திலிருந்தும் 4 இன்ச் உள்ளே பாக்கெட்டை வைத்து குண்டூசி குத்திக்கொள்ளுங்கள். மேல் மூலையில் சின்ன முக்கோணம் ஒன்று தைத்துத் தொடங்கி, ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டர் உள்ளே மூன்று பக்கமும் வந்து, மறு மூலையில் முக்கோணத்தோடு முடியுங்கள். கை விட்டு எடுக்கும்போது முதலில் பிரிவது அந்த இரண்டு மூலைதான். அலங்காரம், பாக்கெட், எம்ப்ராய்டரி எதுவானாலும் துணி தட்டையாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பையை மூட்டிய பிறகு உள்ளே மெஷின் நுழையாது.

4. உடலை உள்பக்கம் உள்ளே போகும்படி, நல்ல பக்கம் வெளியே தெரியும்படி குறுக்கே இரண்டாக மடியுங்கள். "தலைகீழாகச் சொல்கிறாரே" என்று தோன்றும். சரிதான், இது பிரெஞ்ச் தையல். இரு பக்கமும் கால் இன்ச்சில் தையுங்கள். விளிம்பை அரைக்கால் இன்ச்சுக்கு வெட்டுங்கள். பையை உட்புறமாகத் திருப்பி, தையல் ஓரம் மடிப்பில் வரும்படி நீவிவிட்டு, மறுபடி கால் இன்ச்சில் தையுங்கள். பிசிறு முழுக்க உள்ளே அடைபட்டுவிடும். ஓவர்லாக் மெஷின் இல்லாத வீட்டுக்கு இதுதான் ஓவர்லாக். இரண்டாவது தையலுக்கு வெளியே வெள்ளை இழைகள் மீசைபோல் நீட்டிக்கொண்டிருந்தால், முதல் தடவை சரியாக வெட்டவில்லை.

5. கைப்பிடித் துண்டை நீளவாக்கில் நடுவே மடித்து இஸ்திரி போட்டு விரியுங்கள். இரு ஓரத்தையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடி நடுவே மடித்தால் ஓர் இன்ச் அகலப் பட்டி வரும். இரு ஓரமும் தையுங்கள்.

6. பையின் வாயை அரை இன்ச், பிறகு ஓர் இன்ச் உள்ளே மடியுங்கள். பாக்கெட்டின் இரு ஓரங்களுக்கு நேர் மேலே, கைப்பிடியின் நுனிகளை ஓர் இன்ச் அந்த மடிப்புக்குள் செருகுங்கள். மறுபக்கமும் அதே இடம். பட்டி முறுக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மடிப்பின் கீழ் ஓரத்தில் வாயைச் சுற்றி ஒரு தையல். பிறகு கைப்பிடியை மேல்நோக்கி நிமிர்த்தி, வாயின் மேல் ஓரத்தில் இன்னொரு சுற்று. ஒவ்வொரு நுனியிலும் சதுரமும், அதற்குள் குறுக்கே பெருக்கல் குறியும் போட்டுவிடுங்கள். இங்கே பத்துப் பதினோரு மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று இருக்கும். காலால் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்தால் ஊசி உடையாது.

முடிந்த பை 14 இன்ச் அகலம், 15½ இன்ச் உயரம்.

அப்ளிக்: தொம்பையின் வழியில்

தேர்த் திருவிழா பார்த்தவர்கள் தேரைச் சுற்றித் தொங்கும் உருளை வடிவத் துணித் தொம்பைகளைக் கவனித்திருப்பார்கள். ஒரு நிறத் துணியின் மேல் இன்னொரு நிறத்தில் யாளி, தாமரை, கிளி என்று வெட்டி வைத்துத் தைத்த வேலை அது. தஞ்சாவூர், கும்பகோணம் பகுதியில் தலைமுறையாகச் செய்கிறார்கள். ஒடிசாவில் பூரி ஜகந்நாதர் கோயிலுக்கான துணி விதானங்களைப் பிப்பிலி ஊரார் செய்வதும் இதே குடும்பத்து வேலைதான். இரண்டையும் பார்த்தால் ஒன்று தெரியும்: உருவம் பெரிதாக, நிறம் பளிச்சென்று, கோடு எளிதாக. நாமும் அங்கிருந்து தொடங்குவோம், நுணுக்கமான மயிலிலிருந்து அல்ல.

குஷன் 16 இன்ச் சதுரம் என்றால் முன்பக்கத்துக்கு 17 x 17 ஒரு துண்டு, பின்பக்கத்துக்கு 17 x 12 இரண்டு துண்டு. முன்துண்டின் மேல் ஒரு மாங்காய் வைப்போம். மாங்காயில் வெளிவளைவு, உள்வளைவு, கூர்முனை மூன்றும் இருக்கின்றன. அதில் தேறிவிட்டால் எந்த உருவமும் வரும்.

கல்யாணப் பத்திரிகை அட்டையில் மாங்காய் வரைந்து வெட்டுங்கள். அட்டையைத் துணியின் உள்பக்கம் வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே கால் இன்ச் விட்டுத் துணியை வெட்டுங்கள். உள்வளைவில், அதாவது கழுத்து வளையும் இடத்தில், கோட்டுக்கு இரண்டு இழை தள்ளி வரை கத்தரியால் சின்னச் சின்ன வெட்டு போடுங்கள். இல்லாவிட்டால் துணி மடியாமல் முரண்டு பிடிக்கும். வெளிவளைவில் வெட்டு வேண்டாம்; அங்கே மிஞ்சும் துணியைக் கை ஊசியால் ஓட்டுத் தையல் போட்டுச் சுருக்கி, அட்டையோடு சேர்த்து இழுத்துப் பிடியுங்கள். கஞ்சித் தண்ணீரை விரலால் ஓரத்தில் தடவி, அட்டை மேல் மடித்து, சூடான இஸ்திரியின் முனையால் அழுத்துங்கள்.

கூர்முனையில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். முதலில் நுனியை மட்டும் நேர் கீழே மடித்து அழுத்துங்கள். பிறகு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். பின்னால் மூன்று மடிப்பு சேர்ந்து முடிச்சாக நிற்கும். அதில் உபரியைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். முதலில் பக்கங்களை மடித்துவிட்டு நுனியைக் கடைசியில் மடித்தால் மாங்காய் மொட்டையாகத்தான் வரும்.

ஆறியதும் அட்டையை உருவி, மாங்காயை முன்துண்டில் வைத்து, பெரிய ஓட்டுத் தையலால் கையால் இணையுங்கள். பசை போட்டு ஒட்டும் குறுக்குவழி உண்டு. ஊசியில் பசை ஏறி நூல் அறுந்துகொண்டே இருக்கும், எனக்குப் பிடிக்காது. தையல் நீளத்தை 2 மில்லிமீட்டராகக் குறைத்து, மாங்காயின் நிறத்து நூலால் ஓரத்திலிருந்து 1 அல்லது 2 மில்லிமீட்டர் உள்ளே ஓட்டுங்கள். வளைவில் இரண்டு மூன்று தையலுக்கு ஒருமுறை ஊசியை இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, துணியைக் கொஞ்சம் திருப்புங்கள். முனையிலும் அதேபோல். தொடங்கிய இடத்துக்கே வந்து நூல்களைப் பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போடுங்கள்.

குஷனை மூட்டுவது எளிது. பின்துண்டு இரண்டிலும் ஒரு 17 இன்ச் ஓரத்தை அரை இன்ச், ஓர் இன்ச் மடித்துத் தையுங்கள். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி முன்துண்டின் மேல் இரண்டையும் வைத்தால் நடுவில் 4 இன்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சுற்றிலும் அரை இன்ச்சில் தைத்து, மூலைகளைச் சாய்வாகக் கத்தரித்து, திருப்பிவிடுங்கள். ஜிப் தேவையில்லை.

ஓரத்தில் பைப்பிங் வேண்டுமென்றால் மூட்டும் முன்பே முன்துண்டைச் சுற்றிப் பைப்பிங்கைத் தைத்துவிட வேண்டும். 45 டிகிரிக் கிராஸில் ஒன்றரை இன்ச் பட்டி வெட்டி, நடுவே கயிறு வைத்து மடித்து, ஒற்றைக் கால் ஃபுட் மாட்டிக் கயிற்றை ஒட்டித் தையுங்கள். மூலையில் பட்டியின் விளிம்பில் மட்டும் இரண்டு வெட்டு போட்டால் மடங்கும்.

ஃபுட்டைக் கழற்றிவிட்டுப் பூ போடுதல்

இது மெஷின் எம்ப்ராய்டரி, அதே கறுப்பு மெஷினில். ஃபுட்டைக் கழற்றுங்கள். பல்லைக் கீழிறக்கும் வசதி இருந்தால் இறக்குங்கள், இல்லாவிட்டால் அதற்கென்று விற்கும் தகட்டால் மூடுங்கள். இனித் துணியை நகர்த்துவது உங்கள் கை. துணியை விறைப்பாகப் பிடிக்கும் எம்ப்ராய்டரி வளையத்தில் துணியை மாட்டும்போது கை எம்ப்ராய்டரிக்கு நேர் எதிராக, துணி மெஷின் பலகையை ஒட்டிக் கிடக்கும்படி மாட்டுங்கள். முரசுத் தோல்போல் விறைப்பாக இருக்க வேண்டும். ஊசி 11, மெல்லிய நூல், மேல் டென்ஷன் கொஞ்சம் தளர்வு.

வளையத்தை ஊசிக்கு அடியில் வைத்ததும் ஃபுட்டின் கைப்பிடியைக் கீழே இறக்குங்கள். ஃபுட்தான் இல்லையே என்று விட்டுவிடுவார்கள். அந்தக் கைப்பிடி இறங்கினால்தான் டென்ஷன் தட்டுகள் நூலைப் பிடிக்கும். இல்லாவிட்டால் அடியில் மறுபடி நூல் மூட்டைதான். சக்கரத்தைக் கையால் ஒருமுறை சுற்றி, பாபின் நூலை மேலே எடுத்து, இரண்டையும் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். விரல்கள் வளையத்தின் ஓரத்தில் மட்டும் இருக்கட்டும், ஊசிக்குப் பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம்.

கால் வேகமாகவும் கை மெதுவாகவும் போனால் தையல் குட்டையாக நெருங்கி விழும். கை முந்தினால் நீளத் தையல் விழும், ஊசி வளையும். முதல் நாள் நெளிகோடு மட்டும். அடுத்து உங்கள் பெயர், கூட்டெழுத்தாக. அதற்குப் பிறகு இலையின் ஓரம், பிறகு உள்ளே நிரப்புவது.

ஜரிகை நூலோ தடித்த ஆங்கர் நூலோ ஊசிக் கண்ணில் போகாது. அதைக் கையால் பாபினில் சுற்றுங்கள். பாபின் கேஸ் திருகைத் தளர்த்துங்கள். இதற்கென்று தனியாக ஒரு கேஸ் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். டிசைனைத் துணியின் உள்பக்கம் வரைந்து, உள்பக்கம் மேலே தெரிய வைத்து, ஃபுட் மாட்டிய நிலையிலேயே கோட்டின் மேல் நிதானமாக ஓட்டுங்கள். திருப்பிப் பார்த்தால் நல்ல பக்கத்தில் கயிறு ஒட்டியதுபோல் தடித்த கோடு விழுந்திருக்கும். எழுத்து வரைவதாக இருந்தால் மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரையுங்கள்.

"ஆரி வேலை எப்போது?" என்ற கேள்வி இந்த இடத்தில் கட்டாயம் வரும். ஆரி என்பது கொக்கி ஊசியால் சட்டத்தில் போடும் சங்கிலித் தையல். மெஷினோடு அதற்குச் சம்பந்தமில்லை, தனியாகப் பழகலாம். ஆனால் ஆரி போட்ட ப்ளவுஸைக் கடைசியில் யாராவது மெஷினில் மூட்டித்தான் ஆக வேண்டும்.

மெஷின் மக்கர் செய்தால்

நூல் அடிக்கடி அறுந்தால், இந்த வரிசையில் பாருங்கள்: மறுபடி கோர்ப்பது, ஊசி மாற்றுவது, நூல் தரம், கடைசியில் டென்ஷன். தையல் விட்டுவிட்டு விழுந்தால் பெரும்பாலும் ஊசிதான். துணி சுருங்கிச் சுருங்கி வந்தால் மெல்லிய துணிக்கு டென்ஷன் அதிகம் அல்லது ஊசி தடிமன்; அடியில் செய்தித்தாள் ஒன்றை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுத்தால் வாயில் துணிகூட அடங்கும். பெடல் கனத்தால் எண்ணெய் கேட்கிறது.

எண்ணெய் விடும் முன் ஷட்டிலைக் கழற்றி, பழைய பிரஷ்ஷால் பஞ்சை எடுங்கள். பஞ்சின் மேல் எண்ணெய் விட்டால் அது களிம்பாகிவிடும். ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு, தையல் மெஷின் எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் கொஞ்ச நாளில் பிசுக்காகி இறுகிவிடும். நூலில்லாமல் சிறிது நேரம் ஓட்டி, ஃபுட்டுக்கு அடியில் பழைய துணி ஒன்றை வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் முதல் தையலைக் கழிவுத் துணியில் போட்டு, எண்ணெய்க் கறை வரவில்லை என்று பார்த்த பிறகு வெள்ளைத் துணியை எடுங்கள்.